தீசிஸ் 112 பக்கம், பேப்பர் 3000 சொல்: மனநல இதழுக்கு அனுப்பும் முன்

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.டி. மனநல மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். மதுச் சார்புக்காக வார்டில் சேர்ந்த ஆண்களின் மனைவியர் 60 பேரிடம் பி.ஹெச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வி அளவுகோல் வைத்து மனச்சோர்வு பற்றித் தீசிஸ் செய்தேன். 112 பக்கத்தைச் சுருக்கி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினேன். ரிவியூவர் கைக்கே போகாமல் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. எங்கே பிழை? மறுபடி எப்படி அனுப்புவது?

பதில்: இரண்டு நாளில் திரும்பிய கட்டுரையை அநேகமாக யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். தலைப்பு, சுருக்கம், ஆய்வு முறையில் ஒரு பத்தி, அட்டவணைகளின் எண்ணிக்கை, இவ்வளவுதான் பார்த்திருப்பார்கள். வந்த மின்னஞ்சலை நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள். 'அன்சப்மிட்' என்றோ, திருத்தி அனுப்பவும் என்றோ இருந்தால் அது வெறும் வடிவப் பிழை. சரிசெய்து அதே எண்ணில் ஏற்றிவிடலாம். 'ரிஜெக்ட்' என்றால் அந்த இதழில் அந்தக் கட்டுரை முடிந்தது. அடுத்த இதழைப் பாருங்கள். ஆனால் அதே கோப்பை அனுப்பாதீர்கள்.

'சுருக்கி அனுப்பினேன்' என்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்கள் என்னென்ன படித்தீர்கள், செய்தீர்கள் என்று பரீட்சகருக்குக் காட்டுவது தீசிஸ். பேப்பரோ ஒரே ஒரு கேள்விக்குப் பதில். தீசிஸ் கோப்பை மூடிவிட்டு வெற்றுத்தாளில் அந்தக் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். அதற்குப் பதில் சொல்கிற அட்டவணை எது? அதை முதலில் செய்யுங்கள். வயது, மதம், படிப்பு, வருமானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணையும் அதன் கீழே வண்ண வட்டப்படமும் தீசிஸில் இருக்கும். அத்தனையும் முதல் அட்டவணை ஒன்றுக்குள் அடங்கும். மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டியிருக்காது. அட்டவணை முடிந்த பிறகு முறை, முடிவுகள், விவாதம், கடைசியாக அறிமுகம் என்ற வரிசையில் எழுதினால் வேலை சுலபம். 3000 சொல் எல்லை என்றால் அறிமுகத்துக்கு 350, முறைக்கு 800, முடிவுகளுக்கு 700, மிச்சம் விவாதத்துக்கு. மனச்சோர்வு உலகெங்கும் பெரிய பிரச்சினை என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிடுங்கள். எடிட்டருக்கு அது தெரியும்.

தலைப்பில் 'மனச்சோர்வின் பரவல்' என்று இருக்கிறதா? பி.ஹெச்.க்யூ-9 கடந்த இரண்டு வார அறிகுறிகளைக் கேட்டுச் சல்லடை போடும் கருவி, நோயறிதல் அல்ல. 10 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் எடுத்தவர்களை 'மனச்சோர்வு நோய் உள்ளவர்கள்' என்று எழுதினால் மனநல எடிட்டருக்கு முதல் வரியிலேயே நம்பிக்கை போய்விடும். 'மனச்சோர்வு அறிகுறிகள்' என்று எழுதுங்கள். 'கணவரின் குடியால் ஏற்படும் தாக்கம்' என்பதும் கூடாது. ஒரே சமயத்தில் எடுத்த தகவல் தொடர்பைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதோடு, வார்டு வரை வந்த குடும்பங்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றிக்கொண்டு, கணவரை ஆஸ்பத்திரிக்கே கூட்டிவர முடியாத பெண்கள் இந்த 60-இல் இல்லை. அதை விவாதத்தின் குறைபாடுகள் பத்தியில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆய்வு முறைப் பகுதியில்தான் மனநலக் கட்டுரைகள் அதிகம் அடிபடுகின்றன. உங்கள் ஆய்வுக்கு ரிவியூவர் என்ன கேட்பார் என்று இப்போதே சொல்லிவிடலாம். பி.ஹெச்.க்யூ-9 தானே படித்து நிரப்ப வேண்டிய தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? எல்லோருக்கும் வாசித்தீர்களா, சிலருக்கு மட்டுமா? வாசித்தவர் எப்படிக் கேட்டார் என்பதும் முக்கியம். நான்காவது கேள்வி களைப்பு, தெம்பின்மை பற்றியது. நம் பக்கத்தில் 'சடவா இருக்கா' என்றால் புரியும். அதே சொல்லை வேறு மாவட்டத்தில் கோபம், மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். அச்சிட்ட தமிழ் வடிவத்தை அப்படியே வாசித்தீர்களா, பேச்சுவழக்கில் விளக்கினீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்களே மொழிபெயர்த்திருந்தால் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்த்த விவரமும் வேண்டும்.

அடுத்தது, அந்தப் பெண்ணிடம் எங்கே வைத்துக் கேட்டீர்கள்? கட்டில் ஓரத்தில், கணவரும் மாமியாரும் கேட்கும்படியா, தனி அறையிலா? ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' சொன்னவர்களை என்ன செய்தீர்கள்? அன்றே மருத்துவர் பார்த்தாரா, ஓ.பி.க்கு அனுப்பினீர்களா? இந்த ஒரு வரி இல்லாமல் அறிவியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மனநல இதழில் தேறுவது கடினம். கணவர் எத்தனை ஆண்டு குடித்தார், சார்பு எவ்வளவு கடுமை என்ற தகவலை அவரது கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்திருந்தால் அவருடைய சம்மதம் எங்கே என்றும் கேட்பார்கள். மனைவியின் கையெழுத்து மட்டும் போதாது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணும் தேதியும் முறைப் பகுதியில் வர வேண்டும். முதல் நேர்காணலின் தேதி அதற்கு முன்னால் இருந்துவிடக் கூடாது. ரிவியூவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் ஒப்பிடுவார்கள். சம்மதம் தர இயலாத நிலையில் உள்ள நோயாளிகளிடம் மருந்து, உளவியல் சிகிச்சை போன்ற தலையீட்டு ஆய்வு செய்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99-ஆம் பிரிவுப்படி மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் வேண்டும்; உங்களுக்கு அது பொருந்தாது. சிகிச்சைச் சோதனை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியச் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2018 ஏப்ரல் 1-இலிருந்து, ஆய்வில் முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறது. பிறகு ஓடிப் பயனில்லை.

எண்களுக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டு: 60 பேரில் 27 பேர் 10-உம் அதற்கு மேலும் எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 சதவீதம். இதை 45.00 என்று எழுதினால் துல்லியம் கூடாது, நகைப்புத்தான் கூடும், ஏனென்றால் 60-இல் ஒரு ஆள் மாறினாலே 1.7 சதவீதம் நகர்ந்துவிடும். 27/60 என்று எண்ணிக்கையைக் கொடுத்து, 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு) சேருங்கள். வழக்கமான வாய்பாட்டில் இது ஏறத்தாழ 32 முதல் 58 வரை வரும். இடைவெளி அகலமாக இருக்கிறதே என்று மறைக்காதீர்கள், 60 பேரின் ஆய்வு அவ்வளவுதான் சொல்லும். இந்த 27 பேரை வைத்துக்கொண்டு லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் (பல காரணிகளின் தொடர்பை ஒன்றாகப் பார்க்கும் கணக்கு) பத்துக் காரணிகளைப் போடவும் கூடாது. ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து நிகழ்வுகள் என்ற பழைய கைக்கணக்கின்படி இரண்டு, மிஞ்சினால் மூன்று. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் பி மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) '.000' என்று காட்டுவதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். 0.001-க்குக் குறைவு என்பதுதான் அதன் பொருள். மற்ற இடங்களில் உண்மையான பி மதிப்பைக் கொடுங்கள். மாதிரி அளவு 60 எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் கிடைத்தது அவ்வளவுதான் என்றால் அதையே எழுதுங்கள். பிறகு உட்கார்ந்து பின்னோக்கிப் போட்ட வாய்பாடு ரிவியூவர் கண்ணுக்குத் தப்பாது.

அடையாளம் மறைப்பதில் நம் ஊர்க்காரர்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தனிநோயாளி அறிக்கை ஒன்றில் 'பத்தமடையில் பாய் நெய்யும் 42 வயதுப் பெண், கணவர் பஞ்சாயத்து ஊழியர்' என்று இருந்தால் அந்தத் தெருவே ஆளைச் சொல்லிவிடும். 'தென் தமிழகக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, நாற்பதுகளில் உள்ள கைவினைத் தொழிலாளி' போதும். தகவலை விட்டுவிடலாம், பொய்யாக மாற்றக் கூடாது. பாய் நெய்பவரை ஆசிரியை ஆக்கினால் மருத்துவப் பொருளே மாறிவிடும். தனிநோயாளி அறிக்கைக்கு, சிகிச்சைச் சம்மதம் வேறு, வெளியீட்டுக்கான எழுத்துச் சம்மதம் வேறு. சொற்களிலும் இதழ்கள் கறார்: 'ஸ்கிசோஃப்ரினிக்ஸ்', 'ஆல்கஹாலிக்ஸ்' என்று ஆளை நோயால் அழைக்கக் கூடாது. தற்கொலையைக் குறிக்க, குற்றம் செய்ததுபோல் ஒலிக்கும் 'கமிட்டட்' என்ற ஆங்கில வினையையும் தவிர்க்க வேண்டும்.

ஆசிரியர் வரிசையை எழுதத் தொடங்குமுன் கைடு சாரிடமோ மேடத்திடமோ உட்கார்ந்து பேசிவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.ஈ. வகுத்த நான்கு நிபந்தனைகள் இவை: ஆய்வின் வடிவமைப்பிலோ தகவல் திரட்டலிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியது அல்லது கருத்தூன்றித் திருத்தியது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் போடுவது வழக்கத்தில் உண்டு, விதியில் இல்லை. நன்றியுரையில் மரியாதையாகக் குறிப்பிடலாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி. இணையப் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் கேட்கும். 'எஸ். இசக்கிமுத்து' என்றால் முதற்பெயர்க் கட்டத்தில் எஸ், குடும்பப்பெயர்க் கட்டத்தில் இசக்கிமுத்து. மாற்றிப் போட்டால் தேடுதளங்களில் உங்கள் பெயர் 'எஸ் ஐ' என்று சுருங்கிவிடும், வெளியான பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக வையுங்கள். ஒரு கட்டுரையில் 'ஐ'-யிலும் இன்னொன்றில் 'ஈ'-யிலும் தொடங்கினால் இரண்டு ஆள் ஆகிவிடுவீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண் இலவசம், இன்றே வாங்குங்கள். தொடர்பு மின்னஞ்சலாகக் கல்லூரி முகவரி வேண்டாம். படிப்பு முடிந்து நீங்கள் அம்பாசமுத்திரத்துக்கோ வள்ளியூருக்கோ போன பிறகுதான் ரிவியூவர் கடிதம் வரும்.

கோப்புகள்: தலைப்புப் பக்கம் தனி, பெயரில்லாத கட்டுரை தனி. பெயரில்லாத கோப்பில் 'தென்னிந்தியாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை' என்று போதும். மருத்துவமனை இருக்கும் 'ஹைகிரவுண்ட்' என்ற ஒரு சொல் தவறி நின்றாலும் குட்டு உடையும். வேர்ட் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் வழியே போய் நீக்குங்கள். அட்டவணையைப் படமாக ஒட்டாமல் வேர்ட் அட்டவணையாகவே தாருங்கள். உங்கள் வகை ஆய்வுக்கு கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப் பட்டியலைப் பக்க எண் போட்டு இணையுங்கள். மேற்கோள்கள் வான்கூவர் முறையென்றால் (எண் போட்டு மேற்கோள் காட்டும் முறை) முதல் ஆறு ஆசிரியர்கள், பிறகு 'எட் ஆல்'. ஒவ்வொன்றையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடிச் சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மேற்கோள் கேட்டால் இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும். மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும், ஆசிரியராகப் போடக் கூடாது.

கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்குள். கேள்வி என்ன, கண்டது என்ன, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை, இது எம்.டி. தீசிஸிலிருந்து எடுத்தது, அவ்வளவே. கடைசி வரி முக்கியம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன் இணையக் களஞ்சியத்தில் தீசிஸ்களை ஏற்றுகிறது. ஒப்புமைச் சோதனையில் உங்கள் எழுத்தே உங்கள் மேல் திருட்டாகக் காட்டும். முன்பே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

எந்த இதழ்? உங்கள் ஆய்வுக்கு இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் தென்மண்டலக் கிளை நடத்தும் இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின், சங்கத்தின் சொந்த இதழான இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இரண்டையும் முதலில் பாருங்கள். கடந்த இரண்டு ஆண்டு இதழ்களில் இதுபோன்ற கட்டுரை வந்திருக்கிறதா என்று புரட்டுங்கள். 'மூன்று நாளில் ஏற்பு' என்று தானாக வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள். இதழுக்குத் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். தரச் சான்று அல்ல, யார் விண்ணப்பித்தாலும் கிடைப்பது. மெட்லைன் என்ற மருத்துவ இதழ் அட்டவணையில் இருக்கிறதா என்பதை இதழின் முகப்பில் பார்க்காதீர்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகப் பட்டியலில் நேரே தேடுங்கள்.

ரிவியூவர் குறிப்புகள் வந்ததும் அன்றே பதில் எழுத வேண்டாம், கோபம் தெரிந்துவிடும். அவர் எழுதியதை அப்படியே நகலெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ளாத இடத்தில் மாற்றாமல் காரணம் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. மாற்றம் தெரியும் கோப்பு ஒன்று, சுத்தமான கோப்பு ஒன்று என இரண்டையும் ஏற்றுங்கள். நிராகரித்தாலும் அந்தக் குறிப்புகளைச் சரிசெய்த பிறகே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். இந்தியாவில் மனநல ரிவியூவர்கள் வட்டம் சிறியது, அதே ஆளிடமே மறுபடி போய்ச் சேரும் வாய்ப்பு நிறைய உண்டு.