பிள்ளைக்கு எந்தத் தொலைநோக்கி? வடசென்னைப் பெற்றோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பதில் சொல்பவர் பெரம்பூரைச் சேர்ந்த ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியில் வானம் காட்டி வருகிறார்.

டீச்சர், மகளுக்கு எட்டு வயது. ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் அச்சிட்ட தொலைநோக்கியைக் கடையில் பார்த்தேன். வாங்கலாமா? (தந்தை, தண்டையார்பேட்டை)

வேண்டாம், தம்பி. அந்த 525 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. அதை 4 மி.மீ. கண்வில்லையால், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் 175. அதோடு ஒரு மூன்று மடங்கு வில்லையைச் சேர்த்தால் 525. கணக்கு சரிதான், காட்சிதான் வராது. ஒரு தொலைநோக்கி எவ்வளவு ஒளியைத் திரட்டும் என்பதை அதன் வாய் அகலம் முடிவு செய்கிறது. மிக நல்ல வானத்திலும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இரண்டு மடங்குதான் உச்சவரம்பு. 76 மி.மீ. வாய் அகலமுள்ள கருவிக்கு ஏறக்குறைய 150 மடங்கு. அதைத் தாண்டினால் கலங்கிய மங்கல் உருவம்தான் பெரிதாகும்.

அதைவிடக் கொடுமை அந்தப் பெட்டியோடு வரும் மெலிந்த முக்காலி. குவியம் சரிசெய்யும் குமிழில் விரல் பட்டதுமே நிலா துள்ளிக் குதித்துப் பார்வையை விட்டு வெளியே போய்விடும். ஆட்டம் அடங்கி, மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் குழந்தை கீழே இறங்கிப் போயிருப்பாள். என்னிடம் வருகிற பெற்றோரிடம் முதலில் தாங்கியைப் பாருங்கள், பிறகு குழாயைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் எதை வாங்குவது? வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. (தாய், வியாசர்பாடி)

மேசையில் வைக்கும் டாப்சோனியன் வகை வாங்குங்கள், அம்மா. 114 அல்லது 130 மி.மீ. ஆடி (ஒளியைக் குவிக்கும் கண்ணாடி) உள்ளது போதும். சான்பிரான்சிஸ்கோவில் நடைபாதையில் நின்று, போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய அமைப்பு இது. திருகாணி, எடைக்கட்டை எதுவும் இல்லை. மரப்பெட்டி மேல் குழாய் உட்கார்ந்திருக்கும். கையால் தள்ளினால் நகரும், விட்டால் அங்கேயே நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பழகிவிடும்.

130 மி.மீ. கருவி ஆறேழு கிலோதான் இருக்கும். ஒருவரே மாடிக்குத் தூக்கிப் போகலாம். வைப்பதற்கு ஆடாத மர ஸ்டூல் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி உதவாது. 650 மி.மீ. குவியத் தூரம் என்றால் 25 மி.மீ. கண்வில்லையில் 26 மடங்கு, 10 மி.மீ. வில்லையில் 65 மடங்கு. இந்த இரண்டும் ஓராண்டுக்குத் தாராளம். உருவம் தலைகீழாகத் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், இந்த வகையில் அப்படித்தான் தெரியும்.

ஈக்குவடோரியல் தாங்கிதான் நல்லது என்கிறார்களே? (கல்லூரி மாணவர், தம்பிக்காகக் கேட்கிறார், கொருக்குப்பேட்டை)

வானம் சுழல்வதற்கு ஏற்ப நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திரும்பும் தாங்கி அது. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் அந்த நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். உங்கள் தெருவில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் சில தாங்கிகளில் எடைக்கட்டை முக்காலியின் காலில் இடிக்கும். தம்பி வளர்ந்து நெடுநேரப் புகைப்படம் எடுக்க ஆசைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.

படகில் வைத்திருந்த 7x50 பைனாகுலர் வீட்டில் இருக்கிறது. அது உதவுமா, இல்லை புதிதாகத்தான் வாங்க வேண்டுமா? (தந்தை, காசிமேடு)

அண்ணே, புதிதாக எதுவும் வாங்காதீர்கள், இப்போதைக்கு! ஏழு மடங்கு, 50 மி.மீ. வாய் என்பது வானம் பார்க்க அருமையான அளவு. தை, மாசி மாத இரவில் கார்த்திகைக் கூட்டத்தைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம், பைனாகுலரில் பல பத்து. முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி அசையாமல் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும். 1610-ல் கலிலியோ கண்ட அதே நான்கு நிலாக்கள். உங்கள் பிள்ளை சில மாதம் இதில் பழகட்டும். அதற்குப் பிறகும் ஆர்வம் குறையாவிட்டால் தொலைநோக்கிக்குச் செலவு செய்யலாம்.

துறைமுக விளக்கு ஒரு பக்கம், ஆலை வெளிச்சம் ஒரு பக்கம். இங்கிருந்து என்னதான் தெரியும்? (தாய், எண்ணூர்)

நிலாவுக்கும் கோள்களுக்கும் விளக்கு வெளிச்சம் தடையே இல்லை. நம் அட்சரேகையில் கோள்கள் பெரும்பாலும் உச்சி வானத்தை ஒட்டியே போகும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது. மங்கிய விண்மீன் மண்டலங்களை மட்டும் ஊர்ப் பயணத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

காரைத் தளம் பகல் வெயிலைக் குடித்து வைத்திருக்கும். இருட்டிய உடனே பார்த்தால் கோள்கள் கொதிநீரில் கிடப்பது போல அலையும். ஒன்பது மணிக்கு மேல் அது அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம். தை முதல் சித்திரை வரை நல்ல காலம்.

பேரன் ஒரு தடவை பார்த்துவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று போய்விட்டான். (தாத்தா, ராயபுரம்)

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எந்த நாளில் காட்டினீர்கள்? பௌர்ணமி என்றால் அவன் சொன்னது நியாயம். அன்று நிலாவில் நிழலே விழாது. வெள்ளைத் தட்டாகக் கண்ணைக் கூசும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை காட்டுங்கள். அஷ்டமியன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அரை நிலா தலைக்கு மேல் நிற்கும். ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்களின் விளிம்பு பளிச்சென்று நிற்கும், உள்ளே மை போன்ற நிழல். சில பள்ளங்களின் நடுவே ஒரு சிறு மலை முளைத்திருக்கும். இருண்ட பக்கத்தில் தனியாக ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தால் அது சூரியன் முதலில் தொட்ட சிகரம். மறுநாள் அந்தக் கோடு நகர்ந்திருக்கும். அவனைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். வரைகிற கை இருந்தால் கண் அவசரப்படாது.

இன்னொன்று, நீங்கள் குறிவைத்துக் கொடுக்காதீர்கள். அவனே தேடட்டும், அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். தானே பிடித்த சனியைப் பிள்ளைகள் மறப்பதில்லை. இணையத்தில் பார்த்த படம் போல இருக்காது, வளையம் சின்னதாகத்தான் இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாக மெலிந்தது. அதற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது.

மே மாத இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் நன்றாகத் தெரியும். கல்யாணத்தில் காட்டும் அருந்ததியை வெறும் கண்ணால் காட்டுங்கள். பிறகு பக்கத்தில் உள்ள வசிஷ்டரைத் தொலைநோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றாகத் தெரிந்த வசிஷ்டர் இரண்டாகப் பிரிவார். அவனே உங்களைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

கண்வில்லையில் திருகும் சூரிய வடிகட்டி ஒன்று பெட்டியில் இருந்தது. பயன்படுத்தலாமா? (தந்தை, கொளத்தூர்)

கூடவே கூடாது. இன்றே உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஆடி குவிக்கும் வெப்பத்தில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டால் ஒரு நொடியில் கண் போய்விடும். கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே ஆபத்து. சூரியனுக்குரிய தரமான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதும் மூட வேண்டும். அது இல்லாமல் பகலில் கருவியை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வாங்கும் முன் பிள்ளையை எங்கே கூட்டிப் போகலாம்? (தாய், மாதவரம்)

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் 1988 முதல் இயங்குகிறது, ஒரு பகலில் போய் வரலாம். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-ல் தொடங்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர் நாளை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள்.

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக் காற்றில் கெட்டுவிடுமா? (தந்தை, திருவொற்றியூர்)

கெடும், கவனிக்காவிட்டால். பார்த்து முடித்ததும் பனி ஈரத்தோடு மூடி போடாதீர்கள். அறைக்குள் வைத்து நன்றாகக் காய்ந்த பிறகு மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் வையுங்கள். ஆடியில் தூசி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். உப்புத் துகள் ஆடியின் பூச்சைக் கீறிவிடும். ரப்பர் குமிழ் ஊதியால் ஊதினால் போதும். கொஞ்சம் தூசி இருந்தாலும் காட்சி குறையாது.