இங்கிலாந்தில் நர்ஸாக இருப்பவர் ஹெல்த் விசிட்டர் ஆவது எப்படி? வார்டை விட்டுப் போகலாமா?

கேள்வி இதுதான்: ஊரில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர், இங்கிலாந்து வந்து குழந்தைகள் வார்டில் பேண்ட் 5-இல் (நர்ஸ்களுக்கான தொடக்கச் சம்பளப் படி) இருக்கிறார். ஹெல்த் விசிட்டர், அதாவது சிறுபிள்ளை உள்ள குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ், அந்தப் படிப்பு ஒரு வருடம்தான், முடித்தால் இரவு டியூட்டி கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறார். சேரலாமா, எப்படிச் சேருவது, சம்பளம் அடிபடுமா என்கிறார்.

சேரலாம். ஆனால் இரவு டியூட்டிக்கு முழுக்குப் போடுவது மட்டுமே நோக்கம் என்றால் வேண்டாம். அதற்கு அவுட்பேஷன்ட் கிளினிக்கில் இடம் கேட்டால் போதும், ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நானும் ஊரில் படித்து இங்கே வார்டில் இருந்துவிட்டு இந்தப் படிப்பை முடித்தவள்தான். இப்போது வேலையே இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் கிராம சுகாதார செவிலியர், லேடி ஹெல்த் விசிட்டர் எல்லாம் வேறு. அங்கே துணை சுகாதார நிலையத்தில் இருப்பவருக்குச் சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேர் கணக்கு; கர்ப்பிணிப் பதிவிலிருந்து தடுப்பூசி வரை எல்லாம் அவர் தலையில். இங்கே ஹெல்த் விசிட்டர் வழக்கமாகத் தடுப்பூசி போடுவதில்லை, அது ஜி.பி. சர்ஜரி, அதாவது குடும்ப டாக்டர் கிளினிக் நர்ஸின் வேலை. பிரசவம் பார்ப்பது மிட்வைஃப். ஹெல்த் விசிட்டர் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே ஒருமுறை பார்த்து, பிறகு பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை அந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பவர்.

இங்கிலாந்தில் எல்லாக் குடும்பத்துக்கும் கட்டாயம் தரவேண்டிய சந்திப்புகள் ஐந்து: கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்துக்குப் பிறகு ஒன்று, பிறந்த 10 முதல் 14 நாளுக்குள் ஒன்று, 6 முதல் 8 வாரத்தில் ஒன்று, ஒரு வயதை ஒட்டி ஒன்று, 2 முதல் இரண்டரை வயதுக்குள் ஒன்று. ஸ்காட்லாந்தில் இதே வேலைக்கு 11 வீட்டு விசிட். கட்டாயம் என்பது சேவை தருகிறவருக்குத்தான். குடும்பம் வேண்டாம் என்று சொல்லலாம். இந்த ஒரு விஷயம்தான் படிப்பு முழுவதையும் தீர்மானிக்கிறது, பிறகு வருகிறேன்.

தகுதி என்று பார்த்தால், என்.எம்.சி.யில் (இங்கே நர்ஸ், மிட்வைஃப்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ பதிவு இருக்கவேண்டும். குழந்தைகள் பிரிவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அடல்ட், மனநலம், கற்றல் குறைபாடு, எந்தப் பிரிவு நர்ஸும் சேரலாம். என்னோடு படித்தவர்களில் மனநல நர்ஸ்கள்தான் பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது எங்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். படித்து முடித்தால் என்.எம்.சி. பதிவேட்டின் மூன்றாம் பகுதியில் பெயர் ஏறும். 2004-இல் திறந்த பகுதி அது. பள்ளி நர்ஸ், தொழிலக நர்ஸ் எல்லாரும் அதே பகுதிதான், பிரிவு மட்டும் வேறு. 2022-இல் என்.எம்.சி. புதுத் தரவரையறை கொண்டுவந்தபோது படிப்பு முதுநிலை மட்டத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. பி.எஸ்சி. வைத்திருப்பதால் உங்களுக்கு அதில் சிக்கல் குறைவு. ஜி.என்.எம். டிப்ளமோ மட்டும் இருக்கும் தோழிகள் யாராவது கூடச் சேர நினைத்தால், முன்கூட்டியே பல்கலைக்கழகத்தில் கேட்டுவிடச் சொல்லுங்கள். டிகிரி டாப்-அப் செய்துவிட்டு வரச் சொல்லும் இடங்கள் உண்டு.

முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம், பகுதிநேரம் என்றால் இரண்டு. வகுப்பு பாதி, களம் பாதி.

இனி அந்த "ஒரு வருடம்தானே" விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் படித்தவருக்கு எதற்கு இன்னொரு முழுப் படிப்பு என்று எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. இந்தத் தொழிலின் கதையைப் படித்தபோது கொஞ்சம் விளங்கியது. 1862-இல் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பக்கம் பெண்கள் சங்கம் ஒன்று வீடுவீடாகப் போய்ச் சுத்தம், பிள்ளை வளர்ப்பு பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. பிற்பாடு அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள், அதுவும் அந்தத் தெருக்காரப் பெண்களையே. 1892-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பக்கிங்ஹாம்ஷயரில் கிராமத்துத் தாய்மாருக்காக ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவரத் துணைநின்றார். நவீன நர்சிங்கையே கட்டியெழுப்பிய அந்த அம்மா, நோயாளியைப் பார்க்கும் பயிற்சி இதற்குப் போதாது, இது வேறு வேலை, இதற்கு வேறு பயிற்சி வேண்டும் என்ற கருத்தில் இருந்தார். 1962-இல் ஹெல்த் விசிட்டர் பயிற்சிக்கென்றே தனிச் சட்டம் போட்டுத் தனிக் கவுன்சில் அமைத்தார்கள். 1977-இல் வகுத்த நான்கு கோட்பாடுகளை இன்றும் வகுப்பில் நடத்துகிறார்கள்: சுகாதாரத் தேவையைத் தேடிப் போவது, அந்தத் தேவையை மக்களே உணரச் செய்வது, அவர்கள் நலத்தைத் தொடும் கொள்கைகளில் செல்வாக்குச் செலுத்துவது, நலம் தரும் காரியங்களுக்கு வழிசெய்து கொடுப்பது. முதல் கோட்பாட்டைக் கவனியுங்கள். தேவையோடு வருகிறவருக்காகக் காத்திருப்பது வார்டு. இங்கே நாம்தான் தேடிப் போகவேண்டும். எதிரில் இருப்பவர் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

களத்தில் இதை எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதற்கு ஒரு விசிட்டைச் சொல்கிறேன். பிறந்த பிள்ளையைப் பார்க்கும் முதல் விசிட். என்னை மேற்பார்க்கும் சீனியரோடு போயிருந்தேன். மாடி வீடு, வாசலில் செருப்புக் குவியல். பிள்ளை பெற்றவள் சோஃபாவில், பக்கத்தில் மாமியார். நாம் எதைக் கேட்டாலும் மாமியார்தான் பதில் சொல்கிறார். பால் குடிக்கிறானா? "நல்லாக் குடிக்கிறான்." தூங்குகிறானா? "நல்லாத் தூங்குறான்." சீனியர் சளைக்காமல் தராசை எடுத்துச் சமமான தரையாகப் பார்த்து வைத்தார். கம்பளத்தின் மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். பேப்பர் விரித்தார். டயப்பரும் இல்லாமல்தான் எடை பார்க்கவேண்டும். அதைக் கழற்றியதும் பிள்ளை பேப்பரை நனைத்தான், மாமியாரே சிரித்துவிட்டார். ரெட் புக்கில் (பிள்ளையின் வளர்ச்சி, தடுப்பூசி எல்லாம் குறிக்கும் புத்தகம்) எடையைக் குறித்து வளைகோட்டில் புள்ளி வைத்துக் காட்டினார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "பாப்பா எங்கே தூங்குகிறான், எனக்குக் காட்டுகிறீர்களா?" என்றார்.

பிள்ளை மல்லாந்து படுக்கிறதா, தனித் தொட்டிலா, தொட்டிலில் தலையணை கிடக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் எப்படியும் உண்டு. ஆனால் படுக்கையறைக்குள் போனால் மாமியார் பின்னால் வரமாட்டார் என்பது சீனியருக்குத் தெரியும். அங்கே நின்றுகொண்டுதான் குரலைத் தாழ்த்தி, கடந்த ஒரு மாதத்தில் மனது சோர்ந்து நம்பிக்கையில்லாமல் இருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்று அந்த இரண்டு கேள்விகளைக் கேட்டார். அப்புறம், வீட்டில் யாரைப் பார்த்தாவது பயம் இருக்கிறதா என்று. அந்தப் பெண் உடனே எதையும் கொட்டிவிடவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்குத் தனியாக வரமுடியுமா என்று மட்டும் கேட்டாள். அதுபோதும் என்றார் சீனியர் காரில் வரும்போது.

வார்டில் நமக்கு யூனிஃபார்ம் இருக்கிறது, பெட் நம்பர் இருக்கிறது, "சாப்பாடு நேரம் முடிஞ்சது, வெளியே இருங்க" என்று மாமியாரை அனுப்பிவிடலாம். அடுத்தவர் வீட்டில் நாம் விருந்தாளி. கதவைத் திறக்காமலே விட்டுவிட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதே சமயம் அந்த வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் சோஷியல் சர்வீஸுக்கு எழுதவேண்டிய ஆளும் நாம்தான், 1989-ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டம் நம் பின்னால் நிற்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆள் சுமப்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். நல்ல ட்ரஸ்டுகளில் (அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் நிர்வாக அமைப்புகள்) சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைப் பாதுகாப்பு மேற்பார்வைக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவார்கள். நேர்காணலில் நீங்களே அதைக் கேளுங்கள்; மழுப்பினால் யோசியுங்கள்.

தமிழ் தெரிவது கூடுதல் பலமா என்று பலர் கேட்பார்கள். பலம்தான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நம் ஆள் என்றதும் காபியும் பலகாரமும் வரும், பத்தியச் சாப்பாடு பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். ஆனால் கணவன் கை நீட்டுகிறான் என்பதை நம்மிடம் சொல்லத்தான் அதிகம் தயங்குவார்கள். கோயிலில் பார்த்துவிடுவோமோ, சொந்தக்காரருக்குப் போய்விடுமோ என்ற பயம். அப்படிப்பட்ட இடத்தில் வேற்றுமொழிக்கார சக ஊழியரும் போனில் மொழிபெயர்ப்பாளரும் தேவலை. குடும்பத்தினரையே மொழிபெயர்க்க வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

படிப்பில் நம் ஊர்க்காரர்கள் திணறும் இடம் களம் இல்லை, எழுத்து. நாம் படித்த முறையில் புத்தகத்தில் இருப்பதைச் சுத்தமாக எழுதினால் மார்க். இங்கே முதுநிலை மட்டத்தில் நான்கு ஆய்வைப் படித்து, இது இதனால் பலவீனம், என் பகுதிக்கு இது பொருந்தாது என்று சண்டை போடவேண்டும். உங்களுக்கு ஒதுக்கும் பகுதியின் சுகாதாரத் தேவையைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை கட்டாயம் வரும்: எத்தனை பிள்ளைகள், வாடகை வீட்டின் நிலை, ஈரச்சுவர், பூங்கா, பஸ், தாய்ப்பால் கொடுப்பவர் எத்தனை பேர், எல்லாம். 2010-இல் வந்த, சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிய மார்மட் அறிக்கையைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள். எல்லாருக்கும் கொடு, தேவை அதிகமுள்ளவருக்கு அதிகமாகக் கொடு என்பதுதான் சாரம்; வருடம் முழுக்க அதைச் சுற்றித்தான் பேச்சு. சில பல்கலைக்கழகங்களில் மருந்து எழுதும் தகுதியும் சேர்ந்தே வரும். பெரிய பட்டியல் இல்லை, பாராசிட்டமால், வாய்ப்புண் மருந்து, வறண்ட தோலுக்கான க்ரீம் என்ற அளவில்.

சம்பளம். பெரும்பாலும் ட்ரஸ்டே உங்களை மாணவராக வேலைக்கு எடுத்து, சம்பளமும் கொடுத்துப் படிக்க வைக்கும், ஃபீஸ் உங்கள் கையிலிருந்து போகாது. படிக்கும் காலத்தில் சில இடத்தில் பேண்ட் 5, சில இடத்தில் பேண்ட் 6-ஐ ஒட்டி. முடித்ததும் பேண்ட் 6. ஸ்காட்லாந்தில் பேண்ட் 7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் இப்போதைய பே ஸ்லிப்பை எடுத்து வைத்துப் பாருங்கள். இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் என்று கூடுதல் வருகிறதல்லவா, அது அத்தனையும் போகும். மாதம் பாதி இரவு டியூட்டி பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்குப் படிக்கும் வருடம் இறுக்கமாகத்தான் இருக்கும். பேங்க் ஷிஃப்டில் (ஆள் தேவைப்படும்போது தனியாக எடுத்துப் பார்க்கும் கூடுதல் ஷிஃப்ட்) ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள், அசைன்மென்ட் விடாது. முடித்த பிறகு குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை பார்க்கவேண்டும், இல்லையென்றால் ஃபீஸைத் திருப்பிக் கட்டு என்ற நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

விசாவில் இருக்கிறீர்கள் என்றால் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும். மாணவர் பதவிக்கு ஸ்பான்சர் செய்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். இன்னொன்று, 2015 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் இந்தச் சேவைக்குப் பணம் கொடுப்பது உள்ளூர்க் கவுன்சில். அதை நடத்துவது என்.எச்.எஸ். ட்ரஸ்டாகவும் இருக்கலாம், கவுன்சிலே நடத்தலாம், தனியார் நிறுவனமும் எடுக்கலாம். என்.எச்.எஸ். அல்லாத இடம் என்றால் பென்ஷன் தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வேலையின் நிலைமையையும் மறைக்க விரும்பவில்லை. 2011-இல் அரசு 4,200 ஹெல்த் விசிட்டர்களைக் கூடுதலாக எடுப்பதாகத் திட்டம் போட்டு 2015 வரை நிறையப் பேரை எடுத்தது. கவுன்சில் கைக்கு மாறியபின் நிதி சுருங்கி, எண்ணிக்கை பெரிதாகச் சரிந்தது. ஒருவருக்கு 250 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது தொழில் அமைப்புகளின் பரிந்துரை. அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சுமப்பவர்களை எனக்கே தெரியும். ஐந்து மணிக்கு வீடு வந்துவிடலாம், ஆனால் ரெக்கார்டு எழுதி முடித்திருக்காது. இதையெல்லாம் வைத்தும் நான் வார்டுக்குத் திரும்பமாட்டேன். பத்து நாள் பிள்ளையாகத் தூக்கியவன் இரண்டு வயதில் ஓடிவந்து என் பையைக் கிளறுவதைப் பார்க்கும் வாய்ப்பு வார்டில் கிடைக்காது.

விண்ணப்பம்: படிப்பு பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும், அதற்கான விளம்பரங்கள் வருடத்தின் முதல் பாதியில் வரும். என்.எச்.எஸ். ஜாப்ஸ் தளத்தில் "ஸ்டூடன்ட் ஹெல்த் விசிட்டர்" என்று தேடி அலர்ட் வைத்துவிடுங்கள். அதற்குமுன் உள்ளூர் டீமுக்கு மெயில் போட்டு ஒரு நாள் கூடப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நேர்காணலில் ஐந்து சந்திப்புகளும் கேட்பார்கள், கதவைத் தட்டியும் யாரும் திறக்கவில்லை, உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்கிறது, என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்வியும் வரும். அப்புறம் கார். அநேகமாக எல்லா விளம்பரத்திலும் கேட்பார்கள். இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய 12 மாதம் வரைதான் செல்லும். இங்கத்திய லைசென்ஸ் இன்னும் எடுக்கவில்லை என்றால் தியரி டெஸ்டுக்கு இந்த வாரமே பணம் கட்டுங்கள், பிராக்டிகல் டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும்.