அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஐயா, டோனி என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லையாமே?

பதில்: 1931இல் ஓஹையோ மாநிலத்தின் லொரெய்ன் நகரில் பிறந்தபோது அவர் குளோயி வோஃபர்ட். பன்னிரண்டு வயதில் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றபோது பதுவை அந்தோணியாரின் பெயரை ஏற்றார். அந்த அந்தோணிதான் டோனி ஆனது. மாரிசன் என்பது கணவர் வழி வந்த பெயர்.

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள், அலுவலகம் வேறு. அவருக்கும் அப்படித்தானாமே? எப்போதுதான் எழுதினார்?

பதில்: விடிவதற்கு முன்பு, அம்மா. மணவிலக்குக்குப் பிறகு, பதிப்பகத்தில் வேலை பார்த்தபடி இரண்டு மகன்களை வளர்த்தவர் அவர். இருட்டிலேயே எழுந்து காபி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவார். முதல் நாவல் 'தி புளூயஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தபோது வயது 39. நீங்களும் தொடங்குங்கள்.

கேள்வி: 'பிலவ்ட்' நாவலில் தாயே குழந்தையைக் கொல்கிறாள். அதோடு புத்தகத்தை மூடிவிட்டேன். இப்படியொரு கற்பனை தேவையா?

பதில்: அந்தச் செயல் கற்பனை இல்லையே! 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், உறைந்து கிடந்த ஓஹையோ ஆற்றைக் குடும்பத்தோடு கடந்து, அடிமைமுறை இருந்த கென்டக்கி மாநிலத்திலிருந்து அது இல்லாத ஓஹையோவின் சின்சினாட்டி நகருக்குத் தப்பி வந்தாள். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் இரண்டு வயது மகளைக் கத்தியால் கொன்றாள். அதைவிட என் நெஞ்சை அடைப்பது பின்னால் நடந்த வழக்கு. கொலைக் குற்றம் சாட்டினால் அவளையும் குழந்தையையும் மனிதர்களாக ஏற்க வேண்டும். தப்பியோடிய அடிமைகள் சட்டமோ அவளை எஜமானின் உடைமை என்றது. உடைமை என்ற வாதமே வென்றது. அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

1974இல் வந்த, கறுப்பின மக்களின் வரலாற்றைச் சொல்லும் 'தி பிளாக் புக்' தொகுப்புக்குப் பதிப்பாசிரியராக இருந்தபோது இந்தப் பழைய செய்தி மாரிசனின் கண்ணில் பட்டது. நாவல் வந்தது 1987இல். அந்தத் தாய்க்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இறந்த குழந்தைக்கு மட்டுமே உண்டு என்று அவர் கருதினார். அதனால்தான் நாவலில் இறந்த மகள் வளர்ந்த பெண்ணாகத் தாயின் வீட்டு வாசலுக்கே வந்து உட்காருகிறாள். அந்த இடம்வரையாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: புலிட்சர் விருது எப்போது கிடைத்தது?

பதில்: 1988இல், 'பிலவ்ட்' நாவலுக்கு. நோபல் 1993இல்.

கேள்வி: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 'சூலா'. இரண்டு தோழியரின் கதை, சிறிய நாவல். முடித்த கையோடு 'சாங் ஆஃப் சாலமன்' எடுங்கள்.