மாணவர்கள் ஒருவர் எழுதிய இலக்கிய நயக் கட்டுரையை இன்னொருவர் திருத்துவதால் உண்மையில் பயன் உண்டா? பிள்ளைகள் கொப்பியை மாற்றிக்கொண்டு “நன்றாக உள்ளது” என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களே?

உண்டு. ஆனால் உங்கள் கேள்வியில் நீங்கள் சொன்ன நிலைமை பிள்ளைகளுடைய குறை அல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வெறுமனே “திருத்துங்கோ” என்றால் பிள்ளைக்குத் தெரிந்த திருத்தம் ர, ற பிழைக்குக் கீழே கோடு போடுவதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் வாசிக்கும் பிள்ளைக்கு முக்கியமான வேலை ஒன்றே: கட்டுரையில் ஒரு கருத்து வந்தால், “பாட்டில் எந்தச் சொல் இதைச் சொல்கிறது?” என்று ஓரத்தில் கேட்பது. எழுத்துப்பிழை கடைசியில். புள்ளி (மதிப்பெண்) போடுவது அறவே இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். குறுந்தொகையின் 40ஆம் பாடல், “யாயும் ஞாயும் யாரா கியரோ” என்று தொடங்குவது, ஐந்தே அடி. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிகிறது. நீர்வேலியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: “செம்புலப் பெயல்நீர் என்ற உவமை மிக அழகாகக் கையாளப்பட்டுள்ளது. இது புலவரின் கற்பனை வளத்தைக் காட்டுகிறது.” தாள் மணல்காட்டுப் பிள்ளையிடம் போனது. அவள் பென்சிலால் ஓரத்தில் கேட்டிருந்தாள்: “எங்கட ஊர் மணலில மழை பெய்தால் தண்ணி உடனே சுவறிப் போயிடும். பெய்த அடையாளமே இருக்காது. அப்ப ஏன் செம்மண் எண்டு சொன்னவர்?”

நீர்வேலிக்காரிக்கு அந்த மண் வளவிலேயே கிடக்கிறது. மழை விட்ட பிறகு வாழைத்தோட்டத்துக்குள் தேங்கும் தண்ணீரின் நிறம் அவளுக்குத் தெரியாததா? திருத்தி எழுதியபோது அவள் எழுதியது இது: மழைக்கு முன் நீர் வானத்தில், மண் நிலத்தில், இரண்டுக்கும் ஓர் உறவும் இல்லை. விழுந்த பிறகு மண்ணின் நிறமே நீரின் நிறம். என் தாயும் உன் தாயும் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்தோம் என்று முதல் மூன்று அடியிலும் வந்த கேள்விகளுக்கு இந்த உவமையே பதில். இதைத்தான் நயம் காண்பது என்கிறோம். நான் அந்த இடத்தில் “விளக்கம் போதாது” என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தால் இது வந்திருக்குமா என்றால், வந்திராது என்றே நினைக்கிறேன். என் குறிப்புக்கு அவள் தலையாட்டியிருப்பாள். கூடப் படிக்கிறவள் உண்மையிலேயே தெரியாமல் கேட்டபடியால்தான் யோசித்துப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

அதே தாளில் இரண்டாவது கேள்வியும் இருந்தது: “இதில பேசுறது புலவரா, தலைவனா?” பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவிக்குத் தலைவன் சொல்வதாகத்தான் இந்தப் பாட்டின் பழைய துறைக்குறிப்பு, அதாவது யார் யாரிடம் சொன்னது என்று பாட்டோடு வரும் குறிப்பு, இருக்கிறது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு “கவிஞர் கூறுகிறார்” என்று எல்லாப் பாட்டுக்கும் எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறையவே உண்டு. எழுதியவர் கண்ணில் அது படாது. வாசிப்பவர் கண்ணில் உடனே படும்.

இன்னொன்று, ரியூசன் நோட்ஸ். “படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது” போன்ற வரிகள் வகுப்பில் பாதிப் பேருக்கு மனப்பாடம். அதைப் பிடிப்பதற்கு ஆசிரியரைவிடச் சகமாணவரே பொருத்தம், ஏனென்றால் அதே நோட்ஸ் அவரிடமும் இருக்கிறது. இந்த வரியைப் பெயர் மாற்றி வேறு பாட்டுக்குப் போட முடியுமா என்று பார்க்கச் சொல்வேன். முடியுமென்றால் பக்கத்தில் “வே” என்று ஓர் எழுத்து. தாளில் நாலைந்து “வே” விழுந்தால் பிள்ளைக்கே விளங்கிவிடும். நான் வாய் திறக்கத் தேவையில்லை.

புள்ளி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இங்கே எல்லாம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் போய் முடிகிறது. சிநேகிதி சிநேகிதிக்கு அள்ளிக் கொடுப்பாள், போட்டியாக நினைப்பவள் குறைப்பாள், இரண்டுக்கும் கட்டுரைக்கும் சம்பந்தமே இருக்காது. புள்ளித்திட்டம் பிள்ளைகளுக்குத் தெரியத்தான் வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது. பழைய கட்டுரை ஒன்றைப் பெயரை மறைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்து, எல்லோரும் தனித்தனியே மதிப்பிட்ட பிறகு ஏன் வித்தியாசம் வந்தது என்று பேச வையுங்கள். யாருடைய மனமும் நோகாது, பேச்சும் கட்டுரையைப் பற்றியே இருக்கும்.

கெட்டிக்காரப் பிள்ளையின் கட்டுரையைச் சுமாராக எழுதும் பிள்ளை எப்படித் திருத்தும் என்று பலர் கேட்கிறார்கள். திருத்த வேண்டாம், கேட்டால் போதும். நல்ல கட்டுரை ஒன்றை வரி வரியாக வாசிக்கக் கிடைப்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய லாபம். இது புதிதாக வந்த முறையும் அல்ல. நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கணக்கே சொல்லியிருக்கிறார்: ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் வருவது கால்பங்கு, கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால்பங்கு, மற்ற அரைப்பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். ஆறுமுக நாவலர் எழுதிய காண்டிகையுரையோடு நன்னூல் படித்த ஊரில் இந்தச் சூத்திரத்தை வகுப்பில் நடத்திக் காட்டாமல் விடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நடைமுறைக்கு வந்தால், இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் வையுங்கள். முதல் வாசிப்பில் கையில் பேனை, பென்சில் எதுவும் வேண்டாம். இரண்டாவது வாசிப்பில் இரண்டு கேள்வி மட்டும். எழுதியவர் ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். நன்றாகக் காரணம் காட்டி மறுக்கும் பிள்ளையை நான் வகுப்பில் பாராட்டுவேன். இறுதிப் பிரதியை நானே வாசித்துப் புள்ளி போடுகிறேன். “ரீச்சர் திருத்தாமல் பிள்ளையளை விட்டுத் திருத்துறா” என்று பெற்றார் வந்து கேட்டால் முதல் பிரதி, கேள்வியும் பதிலும், திருத்திய பிரதி என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். அதற்காகவே கொப்பியில் அல்லாமல் தனித்தாளில், ஓரம் அகலமாக விட்டு எழுதச் சொல்லுங்கள்.