அயல்வீட்டு அண்ணாவிடம் படிக்க விடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் உயர்தரக் கணிதப் பிரிவில் படிக்கிறார், பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, மூன்று பாடத்துக்கும் ரியூசன் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கம்பஸில் படிக்கும் அயல்வீட்டு அண்ணாவிடம் ஞாயிறுகளில் போகப்போகிறேன் என்று நிற்கிறாராம். "அந்தப் பிள்ளை ரீச்சரும் இல்லை, இருக்கிற நேரமும் வீணாய்ப் போயிடுமோ" என்பது உங்கள் பயம். போகவிடுங்கள். ஆனால் அங்கே என்ன நடக்கவேண்டும் என்பதில் நீங்களும் கொஞ்சம் கண்ணாயிருங்கள்.

இது நமக்குப் புதிதில்லை. பல்கலைக்கழகங்களில் மூத்த பிள்ளைகள் இளையவர்களை இருத்திச் சொல்லிக்கொடுப்பதைத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் 'குப்பி' என்றுதான் சொல்கிறார்கள். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்துப் பெயர் என்பார்கள். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டு எரித்த விளக்கில், ஒரு அண்ணாவின் பாய் நுனியில் இருந்து படித்தவன் நான். அவர் எனக்குப் புதிதாக ஒன்றும் படிப்பிக்கவில்லை. நான் செய்த கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த வரியிலயிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தனீ?" என்று கேட்பார். பதில் சொல்லத் தொடங்கும்போதே பிழை எனக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் மகனுக்கும் இதுதான் வேண்டும். நூறு பேர் இருக்கும் ரியூசன் கொட்டிலில் அவருடைய கொப்பியை யார் வரி வரியாகப் பார்க்கப்போகிறார்கள்? விளக்கம் கேட்டுக் கேட்டு, எல்லாம் விளங்கிவிட்டது என்றே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அண்ணா பேசுவது குறைவாகவும் தம்பி பேசுவது கூடவாகவும் இருக்கவேண்டும். அண்ணா வெண்பலகையில் இன்னொரு வகுப்பு எடுக்கத் தொடங்கினால் அது நான்காவது ரியூசன். அதற்கு அவர் போகத் தேவையில்லை.

அண்மையில் பரீட்சை மண்டபத்துக்குள் இருந்து எழுதிய ஒருவருக்குத் தெரிந்த சில விசயங்கள் பாடப்புத்தகத்தில் இருக்காது. இணைந்த கணித வினாத்தாளை எடுங்கள். A பகுதியில் 10 சிறிய வினாக்கள், ஒவ்வொன்றும் 25 புள்ளி. B பகுதியில் 7 தந்து 5 செய்யச் சொல்வார்கள், ஒவ்வொன்றும் 150. எந்த இரண்டை விடுவது என்று, மேலதிக வாசிப்பு நேரமாகத் தரும் 10 நிமிடத்துக்குள் முடிவெடுக்கப் பழகியவருக்கு நடுவில் தடுமாற்றம் வராது. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் 50 பல்தேர்வு வினாவுக்கு 2 மணித்தியாலம். ஒன்றுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கமாட்டார்கள். அப்படியிருந்தும் ஒரே கேள்வியில் எட்டு நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசிப் பத்து வினாவையும் வெறுமையாக விட்டு வந்த பிள்ளைகள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். நேரம் வைத்து ஒரு கடந்தகால வினாத்தாளை வீட்டில் எழுதட்டும். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்து அண்ணா திருத்தட்டும். எந்தப் படிமுறைக்கு எத்தனை புள்ளி என்று ஒருமுறை கண்ணால் கண்டால், மகன் எழுதும் முறையே மாறும்.

யாரிடம் போவது என்பதையும் சொல்லவேண்டும். அம்மாமார் எல்லோரும் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளையைத்தான் தேடுகிறார்கள். எனக்கென்றால், முதல் தடவை சறுக்கி, இரண்டாம் தடவை எடுத்துக் கம்பஸ் போன பிள்ளைதான் விருப்பம். எங்கே சறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். தோற்ற பிறகு எப்படி மேசையில் திரும்ப இருந்தார் என்பதையும் அவரால் சொல்லமுடியும். முதல் தடவையோடு வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்தக் கதை மருந்து.

அந்த அண்ணாவுக்கும் செமஸ்டர் பரீட்சை இருக்கும். வாரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கேட்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பவேண்டாம் என்று மகனிடமும் சொல்லுங்கள். காசு கொடுக்கப் போனால் அவர் மனம் நோகக்கூடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி மறியுங்கள். இருவரும் உங்கள் விறாந்தையிலோ பொது நூலகத்திலோ இருந்து படிப்பது எல்லோருக்கும் நல்லது. மகளாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன், தனியறை வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "அந்த அண்ணாவைப் பார், நீயும் இருக்கிறாய்" என்று மகன் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன வீடுகளில் பிள்ளை மூன்றாம் கிழமை போவதை நிறுத்திவிடுகிறது.

வருகிற ஞாயிறு முழு வினாத்தாள் வேண்டாம். கடைசித் தவணைப் பரீட்சையில் மகன் பிழைவிட்ட மூன்று கணக்குகளை மட்டும், திருத்தாமல் அப்படியே, கொப்பியோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.