கடலோரப் பழைய கடைக் கட்டிடத்தை வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

குளச்சலில் கடலை ஒட்டிய, 30 வருடப் பழைய இரண்டு மாடிக் கடைக் கட்டிடத்தின் உறுதியை எப்படிப் பரிசோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பாரத்தைத் தாங்குவது தூணும் பீமுமா, சுவரா என்று கண்டுபிடியுங்கள். சுவர் என்றால், கடையை அகலமாக்கக் கீழ்த்தளச் சுவரை இடித்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அப்புறம் உப்புக்காற்று. ஃபால்ஸ் சீலிங்கை நாலைந்து இடத்தில் கழற்றச் சொல்லுங்கள். பீமின் அடியில், கம்பி போகும் கோட்டிலேயே விரிசல் ஓடினால், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அர்த்தம். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கான்கிரீட் உள்ளே பிரிந்துபோன இடத்தில் பொள்ளலான சத்தம் கேட்கும். புதுப் பூச்சும் பெயிண்டும் இருந்தால் நம்ப வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இறங்கிய உப்பைக் காட்டும் குளோரைடு அளவு, கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பைக் காட்டும் ஹாஃப்-செல் சோதனை இரண்டையும் கேளுங்கள். கான்கிரீட்டை அடித்து உறுதியை மதிப்பிடும் ரீபவுண்ட் ஹேமர் மேற்பரப்பைத்தான் காட்டும்; சந்தேகமான இடத்தில் கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, எடுக்க வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456:2000 கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கேட்கிறது; கம்பிக்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

வீடாகக் கட்டியதைக் கடையாக்கியிருந்தால் தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் கணக்கிட வேண்டும். கட்டிடப் பாரத்துக்கான தர விதி ஐஎஸ் 875 படி வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, சில்லறைக் கடைக்கு 400 கிலோ. மாடியில் டைல்ஸ் பெட்டி அடுக்கினால் அதுவும் போதாது.