தாய்ப்பாலும் பால் மாவும்: அம்மாக்கள் கேட்டவை

மகப்பேற்றுப் பிரிவில் 22 ஆண்டுகள் தாதியாக இருந்தேன். கடைசிப் பத்து ஆண்டுகள் பால் புகட்டும் அம்மாக்களுக்கு உதவுவது மட்டுமே என் வேலை. நம் சிங்கப்பூர்ப் பெற்றோர் குழுவில் இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செங்காங், ஓர் அம்மா: அக்கா, சிசேரியன் ஆகி மூன்று நாள். பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, பிள்ளை ஓயாமல் அழுகிறான். மாமியார் பால் மாவு வாங்கி வைத்துவிட்டார். என் பால் பத்தவில்லையா?

மூன்றாம் நாளில் அப்படித்தான் வரும், தங்கச்சி. மஞ்சளாக, கெட்டியாக வருகிற அந்தச் சீம்பால் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில்தான் மிக அடர்த்தியாக இருக்கின்றன. பிள்ளையின் வயிறும் இப்போது அவ்வளவு சிறியது. மார்பு கனத்துப் பால் பெருகுவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் நடக்கும். சிசேரியன் என்றால் கொஞ்சம் தள்ளிப்போகலாம்.

அழுகையை வைத்துப் பாலின் அளவைக் கணக்குப் போடாதீர்கள். டயப்பரைப் பாருங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும், கறுப்பாகப் போன மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த எடையில் 7 விழுக்காடு வரை குறைவது சாதாரணம். 10 விழுக்காட்டை நெருங்கினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மார்பு காலியாகக் காலியாகத்தான் உடம்பு பால் சுரக்கும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்துவிட்டு அந்த வேளைக்குப் பீய்ச்சாமல் விட்டால், அவ்வளவு பால் தேவையில்லை என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். அதனால் இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை பிள்ளையை மார்பில் போடுங்கள். மாமியார் அக்கறையோடுதான் வாங்கி வைத்திருக்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள், உங்களுக்குத் தூங்க அரை மணி நேரம் கிடைக்கும்.

எடை குறைகிறது, கொஞ்சம் பால் மாவு சேர்க்க வேண்டும் என்று மருத்துவரே சொன்னால் தயங்காமல் கொடுங்கள், கூடவே பீய்ச்சவும் செய்யுங்கள். மஞ்சள் காமாலை இருந்தால் காலை வெயிலை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

அதே அம்மா: சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் ஊறுமா?

பூண்டும் வெந்தயமும் சமையல் அளவில் தாராளமாகச் சாப்பிடுங்கள், பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு வேண்டும். ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளை குடிக்கிற குடிதான். சுறாவில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன் அது, உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். பால் கொடுக்கும் மாதங்களில் அதற்குப் பதிலாக நெத்திலியோ மத்தியோ சாப்பிடலாம்.

ஜூரோங் வெஸ்ட், ஓர் அப்பா: பால் மாவு டின்னில் டிஎச்ஏ என்ற கொழுப்பு, இரும்பு, வைட்டமின் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் தாய்ப்பாலில் வேறென்ன கூடுதல்?

நல்ல கேள்வி, தம்பி. பால் மாவில் பெரும்பாலானவை பசும்பாலிலிருந்து செய்தவை. சத்துகளை அளந்து சேர்த்திருப்பார்கள், அதைக் குடிக்கும் பிள்ளை நன்றாகவே வளரும். தாய்ப்பாலில் இருக்கும் உயிரணுக்களையும் எதிர்ப்பொருள்களையும்தான் டின்னில் அடைக்க முடியாது. உங்கள் மனைவி எம்ஆர்டி ரயிலில் யாரோ தும்மிய கிருமியைச் சந்திக்கிறார் என்று வையுங்கள். அந்தக் கிருமியை அடையாளம் கண்ட அணுக்கள் மார்புக்கு வந்து, அதற்கென்றே எதிர்ப்பொருள் உண்டாக்கும். அது பாலோடு போய்ப் பிள்ளையின் தொண்டையிலும் குடலிலும் பூச்சுப் போலப் படியும். உங்கள் வீட்டுக்கு வருகிற கிருமிக்கு உங்கள் வீட்டிலேயே மருந்து தயாராகிறது. இத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

இன்னொன்று. தாய்ப்பாலில் நூற்றுக்கு மேற்பட்ட வகைச் சிறு சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. பிள்ளையால் அவற்றைச் செரிக்க முடியாது. குடலில் வாழும் நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு அது. சில டின்களில் இப்போது அவற்றில் ஒன்றிரண்டு வகையைச் சேர்க்கிறார்கள்.

இதனால் என்ன பலன்? தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, காதுத் தொற்று, நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனையில் சேர்வது எல்லாம் குறைவு. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவதும் குறைவு. இவற்றுக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. படிப்பில் கெட்டிக்காரன் ஆவான் என்று சொல்வதை நான் அந்த அளவுக்கு அழுத்திச் சொல்ல மாட்டேன். நிறையப் படித்த, வசதியுள்ள அம்மாக்கள்தான் அதிக நாள் பால் கொடுக்கிறார்கள். எது பாலால் வந்தது, எது வீட்டுச் சூழலால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

தாய்ப்பாலில் குறைவாக இருப்பது வைட்டமின் டி. தினமும் 400 அலகு சொட்டு மருந்து கொடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அவரே: விலை கூடிய டின் வாங்கினால் நல்லதா?

வேண்டாம். இங்கே விற்கும் குழந்தைப் பால் மாவு எல்லாமே ஒரே சட்டப்படியான சத்து அளவைத் தொட்டாக வேண்டும். 2017இல் வணிகப் போட்டியைக் கவனிக்கும் அரசின் போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்தபோது, 900 கிராம் டின்னின் சராசரி விலை பத்து ஆண்டில் 120 விழுக்காடு ஏறி 56 வெள்ளி ஆகியிருந்தது. விளம்பரச் செலவும் அந்த விலைக்குள் இருந்தது. பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் விலை குறைந்த டின்னே போதும். ஒரு வயதுக்குப் பிறகு சாதாரண முழுக்கொழுப்புப் பாலே கொடுக்கலாம், வளரும் பிள்ளைக்கென்று தனி மாவு தேவையில்லை.

ஈசூன், ஓர் அம்மா: எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. எல்லாரும் தாய்ப்பால் பிள்ளைக்கு நல்லது என்றே சொல்கிறார்கள். எனக்கு ஏதாவது நல்லது இருக்கிறதா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். இருக்கிறது, நிறையவே. பிள்ளை குடிக்கும்போது சுரக்கிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய் அபாயம், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஏறக்குறைய 4.3 விழுக்காடு குறைவதாக, 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் கணக்கிட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கும் அபாயம் குறைகிறது.

உங்களுக்கு முக்கியமானது சர்க்கரை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் நிரந்தரமாகவே நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம், அதிலும் நம் இந்தியர்களுக்குக் கூடுதல். பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் பால் கொடுத்தாலும் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போட ஓடும் அம்மாக்கள் தங்களுக்கான இந்த ஒரு பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். இன்றைக்கே தேதி வாங்கிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ், ஒரு பாட்டி: எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குத் தேன் தொட்டுச் சேனை வைப்போம். மகள் வேண்டாம் என்கிறாள்.

மகள் சொல்வது சரிதான், அம்மா. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கவைக்கும் நஞ்சை உண்டாக்கும். அம்மாவின் சீம்பாலில் ஒரு சொட்டு எடுத்து உங்கள் விரலால் தொட்டு வையுங்கள், சடங்கும் நடந்துவிடும். அப்புறம், பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது) இருப்பதாகச் சொல்லியிருந்தால் துணி அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள். அந்த வாசனை பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம்.

பொங்கோல், ஓர் அம்மா: அடுத்த மாதம் 16 வார விடுப்பு முடிகிறது. பீய்ச்சிய பாலை எவ்வளவு நேரம் வைக்கலாம்?

அறையில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம். அந்த 4 மணி நேரம் 25 டிகிரி வரைக்கும்தான், நம் ஊர் வெக்கைக்கு உடனே பெட்டியில் வைப்பதே நல்லது. கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். பணிப்பெண்ணிடம் மைக்ரோவேவ் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள், பால் சில இடங்களில் கொதித்துப் பிள்ளையின் வாய் வெந்துவிடும்.

தெம்பனிஸ், ஓர் அம்மா: மார்பில் சீழ் கட்டி, ஆறாவது வாரத்தில் நிறுத்திவிட்டேன். இப்போது முழுக்கப் பால் மாவுதான். பிள்ளைக்குத் துரோகம் செய்துவிட்டேனா?

இல்லை, கண்ணு. ஆறு வாரம் கொடுத்தது ஆறு வாரமும் அவளைக் காத்திருக்கிறது, அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. என் இரண்டாவது மகளுக்கு நானும் இரண்டாம் மாதத்திலிருந்து பால் மாவுதான் கொடுத்தேன். அந்த ராத்திரிகளில் நான் அழுதது இன்றும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கண்ணைப் பார்த்துப் புட்டியைக் கொடுங்கள்.

கலக்கும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். மாவு கிருமியே இல்லாத பொருள் கிடையாது. கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டிலேயே மாவைக் கலந்து, பிறகு குழாய்த் தண்ணீரில் புட்டியைக் காட்டி ஆற வையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கரண்டி அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். மார்பில் இன்னும் வலியோ காய்ச்சலோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.